விண்ணப்பத்துக்குப் பிந்தைய கடிதங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர், பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் 'காமன் ஆப்' தளத்தில் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தியதும் தம் வேலை முடிந்ததென்று நினைப்பது இயல்பே. கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் அந்நேரம் அவர் பெயரில் ஒரு கோப்பு திறக்கப்படுகிறது, அவ்வளவுதான். படிவம் ஒரு வழியாகவும், பள்ளியின் மதிப்பெண் பதிவுகளும் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் வேறொரு வழியாகவும், எஸ்.ஏ.டி., டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். முதலிய தேர்வுகளின் மதிப்பெண்கள் அவற்றை நடத்தும் அமைப்புகளிடமிருந்தும் தனித்தனியே வந்து அந்தக் கோப்பில் சேர வேண்டும். இதற்குப் பின் முடிவு வெளியாகும் வரையுள்ள மாதங்களில் மாணவர் அலுவலகத்துக்கு எழுதும் கடிதம் எதுவாயினும், அது கோப்பிலுள்ள குறை ஒன்றை நிரப்ப வேண்டும், அல்லது அலுவலர் இதுவரை அறியாத செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்விரண்டில் ஒன்றையும் செய்யாத கடிதத்தை எழுதாமல் விடுவதே மாணவருக்கு நல்லது.

கோப்பின் நிலையை அறிதல்

விண்ணப்பம் கிடைத்த சில நாள்களுக்குள் ஒவ்வொரு கல்லூரியும் மாணவருக்கென்று தனிப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதில் நுழைவதற்கான விவரத்தை மின்னஞ்சலில் அனுப்புகிறது. 'அப்ளிகன்ட் போர்ட்டல்' எனப்படும் இப்பக்கத்தில் எந்தெந்த ஆவணம் வந்துள்ளது, எது வரவில்லை என்ற பட்டியல் இருக்கும். அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடும் என்பதால், போர்ட்டலைப் பார்க்காமல் எழுதப்படும் கடிதம் மாணவரின் கவனக்குறைவையே காட்டும். அதே நேரத்தில், கடைசித் தேதியை ஒட்டி ஆயிரக்கணக்கான ஆவணங்கள் ஒரே வாரத்தில் குவிவதால், வந்துசேர்ந்த ஆவணம்கூட உரிய கோப்பில் பதிவாக இரண்டு வாரம் வரை ஆகலாம். ஆகையால் பள்ளி அனுப்பியதாகச் சொல்லும் மதிப்பெண் பதிவு மறுநாளே 'வரவில்லை' என்று காட்டினால் பதறத் தேவையில்லை. இரண்டு வாரம் கழிந்தும் நிலை மாறாவிட்டால், அல்லது குறிப்பிட்ட நாளுக்குள் ஆவணம் வராவிட்டால் விண்ணப்பம் நீக்கப்படும் என்று அலுவலகமே எச்சரித்திருந்தால், உடனே எழுத வேண்டும்.

இங்கே தமிழ் மாணவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து இனிஷியலாக முன்னே நிற்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளின் கணினி அமைப்போ பெயரையும் 'சர்நேம்' எனப்படும் குடும்பப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுத்தான் ஆவணங்களைக் கோப்புகளில் சேர்க்கிறது. செல்வம் என்பவரின் மகள் கவிதா விண்ணப்பிப்பதாக வைத்துக்கொண்டால், பாஸ்போர்ட்டில் பெயர் 'கவிதா' என்றும் சர்நேம் 'செல்வம்' என்றும் இருக்கும், எஸ்.ஏ.டி. தேர்வுக்கும் அப்படியே பதிந்திருப்பார். பள்ளி தரும் மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கவிதா' என்று இருக்கும்; பரிந்துரை எழுதிய ஆசிரியர் 'கவிதா எஸ்' என்று எழுதியிருப்பார். பார்ப்பவர் கண்ணுக்கு இம்மூன்றும் ஒருவரே, கணினிக்கு மூவர். பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்போருக்கு இது இன்னும் சிக்கலாகிறது. அத்தகையோரின் முழுப்பெயரும் அமெரிக்க விசாவில் சர்நேமாக வைக்கப்பட்டு, பெயருக்குரிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் 'எஃப்.என்.யூ.' என்ற குறியீடு அச்சாகிறது.

பல நேரங்களில் ஆவணம் தொலைந்ததாகத் தோன்றுவதற்கு இந்தப் பெயர் வேறுபாடே காரணம் என்பதால், இத்தகைய கடிதத்தில் பெயரின் எல்லா வடிவங்களையும் சொல்லிவிடுவது அலுவலரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும். கடிதத்தின் பொருள் வரியில் மாணவரின் முழுப்பெயர், கல்லூரி வழங்கிய விண்ணப்ப எண், 'பள்ளி மதிப்பெண் பதிவு வரவில்லை' என்ற செய்தி ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். உள்ளே, தாம் யார், பிறந்த தேதி என்ன, எந்தப் பள்ளி என்று ஒரு வரி. எந்த ஆவணம் எந்தத் தேதியில் எந்த வழியில் அனுப்பப்பட்டது என்று ஒரு வரி. பாஸ்போர்ட்டில் தம் பெயர் இவ்வாறும் பள்ளிப் பதிவில் இவ்வாறும் இருப்பதாகவும், இரண்டும் ஒருவரையே குறிப்பதாகவும் ஒரு வரி. வேறு பெயரில் அந்த ஆவணம் கிடைத்துள்ளதா என்று பார்க்கும்படியும், இல்லையெனில் பள்ளி மீண்டும் அனுப்பத் தயாராக இருப்பதாகவும் ஒரு வரி என நான்கே வரிகள் போதும். மன்னிப்போ புகழ்ச்சியோ இதில் வேண்டியதில்லை.

எழுதுபவர் யார்

கடிதம் மாணவரிடமிருந்தே, மாணவரின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்தே செல்ல வேண்டும் என்பது இந்நூல் வற்புறுத்தும் விதிகளில் மிக முக்கியமானது. தமிழ்நாட்டில் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையைப் பெற்றோரே நின்று முடிப்பது வழக்கம். கலந்தாய்வு மையத்துக்குப் பிள்ளையுடன் செல்வதும் கல்லூரி அலுவலகத்தில் விசாரிப்பதும் பெற்றோரின் கடமையாகவே கருதப்படுகிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1974-இல் இயற்றப்பட்ட, ஃபெர்ப்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்வித் தனியுரிமைச் சட்டத்தின்படி, மாணவர் 18 வயதை எட்டியதும் அல்லது உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்ததும் அவருடைய கல்விப் பதிவுகள்மீதான உரிமை பெற்றோரிடமிருந்து அவருக்கே வந்துவிடுகிறது. விண்ணப்ப நிலையில் இச்சட்டம் அப்படியே பொருந்தாவிட்டாலும், மாணவரை முழுப் பொறுப்புள்ள தனிமனிதராகப் பார்க்கும் மனப்பாங்கு சேர்க்கை அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. தந்தை எழுதிய கடிதத்தைப் படிக்கும் அலுவலர், வீட்டை விட்டுப் பல்லாயிரம் மைல் தள்ளி வந்து தனியே வாழ வேண்டிய இந்த மாணவரால் நான்கு வரி எழுத முடியாதா என்றுதான் முதலில் எண்ணுவார்.

இதைவிடக் கவலை தருவது ஏஜென்ட் எனப்படும் இடைத்தரகர்களின் பழக்கம். மாணவர் பெயரில் மின்னஞ்சல் கணக்கைத் தாங்களே தொடங்கி, கடவுச்சொல்லையும் போர்ட்டலையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, கல்லூரி அனுப்பும் கடிதங்களை மாணவர் பார்க்கவே விடாத கன்சல்டன்சிகள் இருக்கின்றன. கூடுதல் விளக்கம் கேட்டு அலுவலகம் அனுப்பிய கடிதம் யாரும் திறக்காமல் கிடந்து, கோப்பு முழுமையடையாமலே மூடப்படுவதற்கு இது வழிசெய்கிறது; இழப்பு மாணவருடையது. கன்சல்டன்சியின் உதவியை நாடும் குடும்பங்கள்கூட, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாணவரிடமே இருக்க வேண்டும் என்பதைக் கட்டணம் செலுத்துமுன் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கல்லூரிகளின் கடிதங்கள் ஸ்பேம் பெட்டியிலோ விளம்பரப் பெட்டியிலோ விழுவதும் உண்டு என்பதால், அவற்றையும் மாணவர் நாள்தோறும் பார்த்துவருவது அவசியம்.

யாருக்கு எழுதுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் உலகம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வரும் விண்ணப்பங்களை முதலில் படிக்கும் பொறுப்பு ஓர் அலுவலரிடம் இருக்கும். இந்தியாவுக்கோ தெற்காசியாவுக்கோ உரிய அலுவலரின் பெயரும் முகவரியும் கல்லூரியின் இணையதளத்தில் பலவேளைகளில் கிடைக்கும். ஆவணம் வந்ததா என்பது போன்ற கேள்விகள் பொது முகவரிக்கும், மாணவரின் தகுதியைப் பற்றிய புதிய செய்திகள் இந்த அலுவலருக்கும் செல்வது முறை. ஒரே கேள்வியை ஐந்து பேருக்கு அனுப்பினால், ஐந்தும் கடைசியில் ஒரே கோப்பில்தான் வந்து சேரும். அலுவலரைப் பெயர் சொல்லி விளிக்கலாம். 'ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்' என்று தொடங்கி 'டூ த நீட்ஃபுல்' என்று முடியும் நம் அலுவலகக் கடித நடையில் என்ன வேண்டும் என்பது கடைசி வரை தெளிவாவதில்லை. தொலைபேசியைப் போர்ட்டலுக்குள் நுழைய முடியாதது, கடைசித் தேதி மறுநாளே என்பது போன்ற அவசரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் சென்னையில் இரவு 8 மணி என்பது நியூயார்க்கில் அதே நாள் காலை 9.30, கலிஃபோர்னியாவில் அலுவலகம் திறக்க நம் நேரம் இரவு 10.30 ஆகிவிடும். நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாளையொட்டியும், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும் அலுவலகங்கள் பெரும்பாலும் மூடியிருப்பதால், அந்நாள்களில் பதில் வராததற்கு வேறு பொருள் கற்பிக்க வேண்டாம்.

பிழையும் மாற்றமும்

காமன் ஆப்பில் ஒரு கல்லூரிக்குச் சமர்ப்பித்த படிவத்தை அக்கல்லூரிக்காக மீண்டும் திருத்த இயலாது. திருத்தம் இருந்தால் கல்லூரிக்கே நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது, ஒரு காற்புள்ளி விடுபட்டது என்பவற்றுக்காக எழுதுவது, அலுவலர் கவனிக்காமல் கடந்திருக்கக்கூடிய பிழையை விரல் நீட்டிக் காட்டுவதாகும். மதிப்பெண்ணைத் தவறாகப் பதிந்திருந்தால், பாடப்பிரிவை மாற்றிக்கொண்டிருந்தால், பள்ளி மாறியிருந்தால், பள்ளியில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகியிருந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தில் கூறியவை உண்மை என்று உறுதியளித்தே மாணவர் கையொப்பமிடுகிறார். உண்மை மாறிய பிறகு பேசாமல் இருப்பது, சேர்க்கை கிடைத்த பின்னும் அது திரும்பப் பெறப்படக் காரணமாகலாம்.

நிதியுதவி குறித்த கேள்விகளை நிதியுதவி அலுவலகத்திடமே கேட்க வேண்டும். சேர்க்கை அலுவலகத்தால் அவற்றுக்கு விடையளிக்க இயலாது. வெளிநாட்டு மாணவர் விண்ணப்பத்தின்போது நிதியுதவி வேண்டாம் என்று குறித்துவிட்டுப் பின்னர் கேட்டால் பல கல்லூரிகள் ஏற்பதில்லை என்பதைக் குடும்பம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இதைக் கடிதத்தால் சரிசெய்வது மிகக் கடினம்.

ஆர்வத்தைக் காட்டுதல்

கல்லூரியில் சேர மாணவருக்கு உண்மையிலேயே எவ்வளவு விருப்பம் என்பதைச் சில கல்லூரிகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. இதை 'வெளிப்படுத்தப்பட்ட ஆர்வம்' என்று சொல்வர். எந்தக் கல்லூரி இதைப் பார்க்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஏராளமான கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற ஒரே வடிவிலான புள்ளிவிவரத் தொகுப்பை வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதி, சேர்க்கையில் விண்ணப்பதாரரின் ஆர்வம் மிக முக்கியமா, முக்கியமா, கருதப்படுகிறதா, கருதப்படுவதில்லையா என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது. எம்.ஐ.டி., ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடங்களில் இது கருதப்படுவதில்லை. அங்கே ஆர்வம் தெரிவித்து எழுதும் கடிதத்தால் பயன் ஒன்றுமில்லை. கருதப்படும் கல்லூரிகளிலும், இணையவழி அறிமுகக் கூட்டத்தில் கலந்துகொள்வது, நேர்காணல் அழைப்பைக் காலம் தாழ்த்தாமல் ஏற்பது, அனுப்பும் கடிதங்களைத் திறந்து படிப்பது ஆகியவையே ஆர்வத்துக்குச் சான்றாகின்றன. இணையதளத்தில் பக்கம் முழுக்க எழுதியிருக்கும் செய்தியையே கேள்வியாக்கி வாரம் ஒரு கடிதம் அனுப்புவது ஆர்வமாகாது.

தள்ளிவைப்பு

நவம்பர் 1 அல்லது 15-க்குள் விண்ணப்பித்து டிசம்பர் நடுவில் முடிவு பெறும் முன்கூட்டிய முறைகளில், இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடுள்ள 'எர்லி டிசிஷன்' ஒன்று. இம்முறைகளில் முடிவு மூன்று வகையாக வரும்: சேர்க்கை, மறுப்பு, 'டிஃபர்' எனப்படும் தள்ளிவைப்பு. தள்ளிவைக்கப்பட்ட விண்ணப்பம், ஜனவரியில் விண்ணப்பிப்போரின் கோப்புகளுடன் மீண்டும் ஒருமுறை படிக்கப்படும். எர்லி டிசிஷனில் விண்ணப்பித்தவர் கட்டுப்பாட்டிலிருந்தும் விடுபடுகிறார். விண்ணப்பத்துக்குப் பிந்தைய கடிதங்களுள் உண்மையான எடை கொண்டது இந்நிலையில் எழுதப்படும் 'தொடர் ஆர்வக் கடிதம்'. ஆனால் முதலில் கல்லூரியின் முடிவுக் கடிதத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். கூடுதலாக எதையும் அனுப்ப வேண்டாம் என்று அதில் இருந்தால் அனுப்பக் கூடாது. சில கல்லூரிகள் இதற்கெனத் தனிப் படிவம் வைத்திருக்கின்றன, எம்.ஐ.டி. எல்லா விண்ணப்பதாரரிடமும் ஆண்டு நடுவிலான மதிப்பெண்களையும் புதிய செய்திகளையும் பிப்ரவரியில் ஒரு படிவத்தின் வழியாகவே பெறுகிறது.

இக்கடிதத்தில் தமிழ்நாட்டு மாணவர் எழுதத்தக்க முதல் செய்தி, டிசம்பரில் முடியும் அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண். விண்ணப்பம் சென்றபோது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணாகக் காலாண்டுத் தேர்வு மட்டுமே இருந்திருக்கும். அரையாண்டில் கணிதமும் இயற்பியலும் உயர்ந்திருந்தால், அலுவலர் கோப்பை மீண்டும் திறக்க அது தகுந்த காரணம். இம்மதிப்பெண் 'மிட்-இயர் ரிப்போர்ட்' எனப்படும் இடையாண்டு அறிக்கையாகப் பள்ளியிடமிருந்தே செல்ல வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் இதற்கெனக் கவுன்சலர் என்ற பணியாளர் இருப்பார். நம் பள்ளிகளில் தலைமையாசிரியரோ வகுப்பாசிரியரோ அவ்வேலையைச் செய்ய வேண்டியிருப்பதாலும், ஜனவரி முதல் திருப்புதல் தேர்வுகளும் செய்முறைத் தேர்வுகளும் அவர்களை முழுவதும் ஆட்கொள்வதாலும், மாணவர் பொங்கல் விடுமுறைக்கு முன்பே அவர்களைச் சந்தித்து, படிவத்தையும் கடைசித் தேதியையும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

மதிப்பெண்ணுக்கு அடுத்து, விண்ணப்பித்த பிறகு நடந்தவற்றை மட்டும் எழுத வேண்டும். வட்டார அறிவியல் கண்காட்சியில் வைத்த நீர் வடிகட்டியை இப்போது பள்ளியில் பொருத்தி நாள்தோறும் அளவெடுத்து வருவதாக ஒரு மாணவரால் சொல்ல முடிந்தால், அது புதிய செய்தி. தலைமைப் பண்பு வளர்ந்திருக்கிறது என்று பொதுவாகச் சொல்வது செய்தியே அன்று. இடம் கிடைத்தால் உறுதியாகச் சேர்வேன் என்ற வாக்கை ஒரே ஒரு கல்லூரிக்கு, உண்மையாக இருந்தால் மட்டும் எழுதலாம். நான்கு கல்லூரிகளுக்கு அதே வாக்கைக் கொடுப்பது பொய். கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அனுப்பிய பின் மார்ச் இறுதிவரை அமைதி காக்க வேண்டும்.

காத்திருப்புப் பட்டியல்

மார்ச் இறுதியில் வரும் முடிவுகளில் 'வெயிட்லிஸ்ட்' எனப்படும் காத்திருப்புப் பட்டியலும் ஒன்று. பட்டியலில் இருக்க விரும்புவதாக மாணவர் போர்ட்டலில் பதிவுசெய்தால்தான் பெயர் நிற்கும். ரயில் டிக்கெட்டின் காத்திருப்பு எண்போல இதில் வரிசை எண் இருப்பதில்லை. எந்தப் பாடத்தில், எந்தப் பகுதி மாணவருக்கு இடம் காலியாகிறது என்பதைப் பொறுத்தே கல்லூரி தேர்ந்தெடுக்கிறது. எத்தனை பேர் பட்டியலில் இருக்க இசைந்தனர், அவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பதைக் காமன் டேட்டா செட்டின் சி2 பகுதியில் பார்க்கலாம். ஒரே கல்லூரியில்கூட இவ்வெண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும், ஒருவருக்கும் கிடைக்காத ஆண்டுகளும் உண்டு. ஆகவே மே 1 என்ற பொதுவான கடைசி நாளுக்குள், இடம் தந்துள்ள வேறொரு கல்லூரியில் முன்பணம் கட்டிச் சேர்க்கையை உறுதிசெய்துவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். பின்னர் காத்திருந்த இடம் கிடைத்து அங்கே சென்றால் அம்முன்பணம் திரும்பி வராது. சேரப்போவதில்லை என்று முடிவுசெய்த கல்லூரிகளுக்கு அதைப் போர்ட்டலிலேயே தெரிவித்துவிடலாம். வெளிநாட்டு மாணவர் நிதியுதவி தேவைப்படுபவராக இருந்தால், காத்திருப்புப் பட்டியலிலிருந்து இடம் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் குடும்பம் அறிந்துகொண்டு மனத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுப்பு வந்த பிறகு எழுதப்படும் மேல்முறையீட்டைப் பெரும்பாலான தனியார் கல்லூரிகள் ஏற்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்கள் ஏற்கின்றன என்றாலும், விண்ணப்பத்தில் இல்லாத, முடிவை மாற்றத்தக்க புதிய தகவல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏமாற்றம் அத்தகைய தகவலாகாது.

பொதுத்தேர்வு முடிவுக்குப் பின்

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்திலும் சி.பி.எஸ்.இ.யிலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் பெரும்பாலும் மே மாதத்தில் வருவதால், இறுதி மதிப்பெண் கல்லூரிக்குச் சேரும்போது சேர்க்கை முன்பே உறுதியாகியிருக்கும். ஆயினும் அச்சேர்க்கை, மாணவர் இதே தரத்தில் பள்ளிப்படிப்பை முடிப்பார் என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்டதே. பள்ளி கணித்தனுப்பிய மதிப்பெண் 95 விழுக்காடாக இருந்து, பொதுத்தேர்வில் ஒரு பாடம் 70-க்கு இறங்கிவிட்டால், கல்லூரி கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திராமல் மாணவரே அந்த வாரத்திலேயே எழுதிவிட வேண்டும். எந்தப் பாடம், எவ்வளவு குறைந்தது, காரணம் என்ன, விடைத்தாள் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பித்திருந்தால் அதன் முடிவு எப்போது வரும் என்பவற்றைச் சுற்றி வளைக்காமல் சொல்லும் கடிதத்தை அலுவலர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடே படிக்கின்றனர்.

மாணவர் தாமே ஸ்கேன் செய்து அனுப்பும் மதிப்பெண் சான்றிதழைக் கல்லூரிகள் அதிகாரபூர்வமானதாக ஏற்பதில்லை. அது பள்ளியின் மின்னஞ்சலிலிருந்தோ முத்திரையிட்ட உறையிலோ செல்ல வேண்டும். முடிவு வரும் மே மாதத்தில் பள்ளிக்குக் கோடை விடுமுறை. அலுவலகம் சில நாள்களே திறந்திருக்கும், தலைமையாசிரியர் ஊரில் இல்லாமலும் போகலாம். ஆதலால் இறுதிப் பதிவை யார், எந்த முகவரிக்கு, எந்தத் தேதிக்குள் அனுப்புவது என்பதைப் பொதுத்தேர்வின் கடைசி நாளன்றே பள்ளியில் பேசி முடித்து, கல்லூரியின் முகவரியை அச்சிட்டு அலுவலக எழுத்தரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும்.